வந்தவரை அனுப்ப ஒரு காரணம்

றொஷானி கேட்டது ஒரேயொரு காரணம். அதைக் கொடுக்கத் தாரகனுக்கு மூன்று மாதம் பிடித்தது. கொடுத்ததோடு இருபத்தெட்டு வருடச் சிநேகிதமும் கையை விட்டுப் போனது.

தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். தாரகன் எழுதுகிறவன், றொஷானி வரைகிறவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்தது 'கிரின்ஸ்டெட் ஐவர்' என்ற சித்திரக்கதை. பதின்மூன்று வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், இலக்கணம் எழுதக் கொடுத்த கொப்பியின் பின்பக்கத்தில் பிறந்தது அது. நாள் முழுக்க நின்றாலும் நாலு பஸ் வராத கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் சிற்றூரில் ஐந்து வீரர்கள். ஒருத்தி மீன் தொழிற்சாலைக் குளிரறையில் வேலை செய்து செய்து, தொட்டதையெல்லாம் உறைய வைப்பாள். ஒருவர் தரிப்பிடத்தில் நின்றால் வராத பஸ்ஸும் வரும். ஒருத்திக்கு யாராவது பொய் சொன்னால் தும்மல் வரும். ஒருவர் மேற்குக் கரைக் காற்றை முதுகால் மறிப்பார். ஐந்தாவது ஆளுக்கு எந்தச் சக்தியும் இல்லை, கார் வைத்திருந்தான், அவ்வளவுதான். கார் இல்லாவிட்டால் மற்ற நாலு பேரும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்பதால் அவனே தலைவன்.

கலைவிழாக்களில் போட்டோக் கொப்பி எடுத்து, பின் அடித்துக் கொடுத்தார்கள். பெரியவர்களான பிறகும் விடவில்லை. றொஷானி படிக்கக் கோபன்ஹேகன் போனவள், அதன் புறநகரான ஹ்விடோவ்ரேயிலேயே குடியேறி ஓர் அலுவலகத்துக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள். தாரகன் கிரின்ஸ்டெட்டை விட்டு அசையவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை, வீட்டில் எழுத்து. நாற்பத்தொரு வயதில் அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கோபன்ஹேகன் பதிப்பகம் ஒன்று, டெனிஷில், கெட்டி அட்டையோடு, புத்தகமாகப் போடுகிறோம் என்றது. அன்று தான் குளிக்க வார்த்த முதியவர் ஒவ்வொருவருக்கும் தாரகன் அதைச் சொன்னான். அவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது.

புத்தகத்துக்கென்று கதையைப் புதிதாக எழுதினான். மேற்குக் கரைத் துறைமுகமான எஸ்பியர்க்கின் கடற்கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றனவே நாலு வெள்ளைச் சிலைகள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் வானத்திலிருந்து இறங்குகிறார். சிலைகளைவிட உயரம். பெயரைக் கேட்டால் சிரிக்கிறார், ஆகவே ஊர் அவரை 'வந்தவர்' என்கிறது. முதல் நாள் காற்றை நிறுத்துகிறார். மறுநாள் ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில்களைக் காலியாக்குகிறார். சாவை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை, ஆகவே சாவுச் செய்தியை நிறுத்துகிறார். கெட்ட சேதியோடு வருகிற கடிதம், போன் எல்லாம் வழியிலேயே அவர் கைக்குப் போய்விடும். ஊர் சிரித்த முகமாக இருக்கிறது, ஐவருக்கு வேலை இல்லை. தும்மல்காரி மூன்று பக்கம் அவர் முன்னால் நின்று பார்க்கிறாள். ஒரு தும்மலும் வரவில்லை. ஆள் பொய்யர் இல்லை. உண்மையாகவே நல்லது செய்ய வந்திருக்கிறார்.

கடைசி ஏழு பக்கங்களில் ஐவரும் சேர்ந்து அவரை ஊரைவிட்டுத் துரத்திக் கலைக்கிறார்கள். அப்படித்தான் தாரகன் எழுதியிருந்தான். றொஷானி அங்கேதான் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் கலைக்கினம்?” என்று தை மாதம் போனில் கேட்டாள். “அந்தாள் ஒரு கெடுதியும் செய்யேல்லை. தனக்கெண்டு ஒண்டும் கேக்கவுமில்லை. நான் படம் கீறுறதுக்கு ஒரு காரணம் தா.”

“வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும்.”

“எனக்கு விளங்கேல்லையே. உனக்கு விளங்குதோ?”

அவனுக்கும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை. “யோசிச்சுச் சொல்லுறன்” என்று சமாளித்தான்.

அந்தக் கிழமைதான் றொஷானியின் அப்பா அந்தோனிமுத்துவுக்கு ஈரலில் வருத்தம், இனி மாறாத நோய் என்று தெரிய வந்தது. எஸ்பியர்க்கில் முப்பது வருடம் மீன் வெட்டிய மனிதர். மகள் ஒருத்திதான். மனைவி விக்ரோரியாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே கிரின்ஸ்டெட்டிலிருந்து தாரகன் போய் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினான். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் சோறு தின்றவன், அதை உதவி என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளைக்குத் தெரிய முன்னமே நாங்கள் இருக்கிற ஜூட்லாந்துப் பக்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆனால் சோதனை எழுதப் போகிற பிள்ளைக்கு, கார் ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு, வேலையில் நிற்கிறவளுக்குத் தன் வீட்டில் நடந்த கெட்டது மட்டும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்குக் கைவந்த வேலை. செத்தவரைக்கூட முதலில் 'கொஞ்சம் ஏலாமல் இருக்கு' என்றுதான் அறிவிப்போம். அன்பினால்தான் செய்கிறோம். அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

“தம்பி, பிள்ளைக்கு இப்ப சொல்லாதையும்” என்றார் அந்தோனிமுத்து. “புத்தகத்தை முடிக்கட்டும். முடிச்ச கையோடை நானே சொல்லுறன்.”

விக்ரோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தாள். தாரகனும் தலையாட்டினான். ஆட்டின வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கூசும். மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். தப்பினால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவார்கள் என்று அவனாக நினைத்துக்கொண்டான். கேட்டுப் பார்க்கவில்லை. கிழவர் சொன்னதைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான், உள்ளுக்குள் தன் பெயர் போட்ட கெட்டி அட்டையைத்தான் காப்பாற்றினான்.

டொக்டர் கடைசியாகச் சொன்ன தவணை இரண்டு கிழமை. மாசியின் அந்தக் கடைசிக் கிழமையில், செவ்வாய்க்கிழமை பின்னேரம், விக்ரோரியா வீட்டுக்குப் போய் முழுகி, பூசைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். தாரகன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தோனிமுத்து கண்ணைத் திறந்தார்.

“றொஷானியை வரச் சொல்லும்.”

“புத்தகம் வெள்ளிக்கிழமை முடியுது அங்கிள்.”

“புத்தகம் கிடக்கட்டும். எனக்கு அவளைப் பாக்கவேணும். இப்ப எடும் போனை.”

“ஓம் அங்கிள், எடுக்கிறன்” என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வெளியே கோப்பி ஊற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணினான். வெள்ளி மத்தியானம் சொன்னால் சனி காலமை வந்து நிற்பாள், மூன்று நாளில் என்ன குடி முழுகிப் போகிறது? சும்மா ஆள் இப்படி நினைத்திருந்தால் மன்னிக்கலாம். தாரகனுடைய தொழிலே அது. வேலையிடத்தில் ஒரு முதியவரின் மூச்சு மாறினால், அன்றைக்கே பிள்ளைகளுக்குப் போன் எடுத்து, இப்போதே வாருங்கள் என்று டெனிஷில் நிதானமாகச் சொல்கிறவன் அவன். எத்தனை டெனிஷ்காரர் அதற்காக அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை அந்தோனிமுத்துவின் பாதங்களில், சாவு நெருங்கும்போது வருகிற ஊதா நிறம் பரவியிருந்ததையும் அவன் கண்டிருந்தான். குளிரினால் ஆக்கும் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டிருந்தான்.

அங்கே நிற்கும்போதே போன் அடித்தது. றொஷானிதான்.

“ஏழிலை மூண்டு பக்கம் முடிஞ்சுது” என்றாள். “காரணம் இல்லாமல்தான் கீறுறன், பிறகு உன்னட்டை வாங்குறன். அப்பா என்ன செய்யிறார்? ரெண்டு நாளாய்ப் போன் எடுக்கேல்லை.”

“தடிமன். தொண்டை அடைச்சுப் போச்சு. மற்றும்படி நல்லாத்தான் இருக்கிறார்.”

“மஃப்ளரைக் கட்டச் சொல்லு. சொல்வழி கேக்கிற மனுசன் இல்லை” என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

தாரகன் அறைக்குள் திரும்பிப் போனான்.

“சொல்லிட்டன் அங்கிள். வெளிக்கிட்டிட்டாள்.”

அந்தோனிமுத்துவின் முகம் மலர்ந்தது. தலையணையைச் சரியாக வைக்கச் சொன்னார். வாசல் தெரிகிற மாதிரித் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரயில் இப்போது எங்கே வரும் என்று ஒருதரம் கேட்டார், பாதி வழியில் ஓடன்ச நகரத்தைத் தாண்டியிருக்கும் என்று தாரகன் சொன்னான். விக்ரோரியா வந்து சேரும்போது நித்திரையாகியிருந்தார். அதன் பிறகு அவர் கதைக்கவில்லை. வியாழன் விடிய ஐந்தரைக்குப் போய்விட்டார்.

விக்ரோரியாவால் எழும்பவே முடியவில்லை, ஆகவே போன் எடுக்கிற வேலையும் தாரகனுக்கு வந்தது. ஏழு மணிக்கு எடுத்தான்.

“அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. வெளிக்கிட்டு வா.”

தனியாக ரயிலில் வருகிறவள், வழியில் அவளுக்கு ஏதும் நடந்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். அவள் ரயிலில் இருந்து அடுத்தடுத்துச் செய்தி அனுப்பினாள். அப்பாட்டைச் சொல்லு, நான் வாறன். அப்பாக்குக் காட்டப் படமெல்லாம் கொண்டு வாறன். தாரகன் ஒவ்வொன்றுக்கும் 'ஓம்' என்று பதில் போட்டான்.

எஸ்பியர்க் நிலையத்தில் பெரிய தட்டையான பையைத் தோளில் கொழுவிக்கொண்டு இறங்கினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“எப்ப?”

“விடிய ஐஞ்சரைக்கு.”

“நீ ஏழு மணிக்கெல்லோ எடுத்தனீ” என்றாள். பையைத் தரையில் இறக்கி வைத்தாள். “மூண்டேகால் மணித்தியாலம், அவர் இருக்கிறாரெண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். என்ன கதைக்கிறதெண்டு எழுதிக்கொண்டு வந்தனான்.”

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“கடைசியிலை என்னைக் கேட்டவரே?”

இவ்வளவு அழுதவளுக்கு அந்த உண்மையையும் கொடுப்பதா என்று நினைத்தான். தன் பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

“இல்லை றொஷானி. அவருக்கு நினைவில்லை.”

“சரி” என்றாள்.

பிறகு அவளே எல்லோரையும் மன்னித்தாள். அப்பா சொல்லக்கூடாது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தாயையும் தேற்றினாள், தாரகனையும் தேற்றினாள். அவள் தேற்றத் தேற்ற அவனுக்கு உடம்பு எரிந்தது. பதிப்பகத்துக்கு அவள் இரண்டு வரி எழுதிப் போட்டாள். அன்று பின்னேரமே பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், ஜூன் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை. தாரகன் அதை வேலையிடத்தில் உடுப்பு மாற்றுகிற அறையில் நின்று வாசித்தான். வாய் திறந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அந்த வாயால் கேட்காமல் விட்டதற்கு ஒரு மனிதர் வாசலைப் பார்த்தபடி செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, சித்திரையில் றொஷானி கூப்பிட்டாள். மிச்சம் நாலு பக்கத்தையும் முடித்துவிடுவோம், வா என்றாள். தாரகன் லீவு போட்டுவிட்டுக் காரில் ஹ்விடோவ்ரேக்குப் போனான். மேசையில் நாலு வெள்ளைத் தாளும் அப்படியே கிடந்தன. தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு அவள் எதிரே இருந்தாள்.

“என்னாலை கீற ஏலாமல் கிடக்கு. காரணமும் இல்லை, மனமும் இல்லை.”

“பொறுத்துக் கீறலாம். அவசரமில்லை.”

“அதில்லை தாரகன்.” பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள். “மார்கழியிலை நத்தார்ப் பண்டிகைக்கு நான் வீட்டை போகேல்லை. இந்தப் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டு இஞ்சையே இருந்திட்டன். அப்பா போனிலை, 'சரி பிள்ளை' எண்டு மட்டும் சொன்னவர். அவருக்கு அதுதான் கோபம். நினைவு இருந்த நாளிலையும் அவர் என்னைக் கேக்கேல்லைத்தானே. அம்மாட்டையும் கேக்கேல்லை, உன்னட்டையும் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் எழும்பேக்கை முதல் நினைப்பு அதுதான். அவருக்கு நான் வேண்டாமெண்டு போச்சு.”

மருந்து என்று தான் கொடுத்த பொய் இரண்டு மாதமாக அவளை உள்ளே தின்றுகொண்டிருப்பதைத் தாரகன் அப்போதுதான் கண்டான். உண்மை இதைவிட எப்படிச் சுட்டிருக்கும்? இனி ஒளித்தால் மனிதன் இல்லை என்று பட்டது.

“கேட்டவர்” என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

“என்ன?”

“உன்னைக் கேட்டவர். புத்தகம் கிடக்கட்டும், எனக்கு அவளைப் பாக்கவேணுமெண்டு சொன்னவர். கோபமில்லை றொஷானி. ஒரு சொட்டுக் கோபமும் இல்லை.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது அழுதுகொண்டே சிரித்தாள். “கேட்டவரே” என்றாள், திரும்பவும் “கேட்டவரே” என்றாள். ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம், தாரகன் உலகத்தில் மிக நல்ல மனிதனாக இருந்தான். பிறகு அவள் கண்ணைத் துடைத்தாள்.

“எப்ப கேட்டவர்?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை நான் உனக்குப் போன் எடுத்தனான்.”

“ஓம்.”

“அதுக்கு முன்னமோ, பிறகோ?”

“முன்னம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. “நீ வெளிக்கிட்டிட்டாயெண்டு அவருக்குச் சொன்னனான். அவர் வாசலைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தவர். ரயில் எங்கை வருமெண்டு கேட்டவர்.”

றொஷானி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

“இப்ப எனக்கு விளங்குது” என்றாள் கடைசியில். “அந்த வந்தவர். அவர் தனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். ஆக்கள் அழுறதைப் பாக்க அவருக்கு ஏலாது, அவ்வளவுதான். சனத்துக்காகச் செய்யேல்லை, தனக்காகச் செய்தவர். நல்லவரெண்ட பேரோடை போயிருந்து கடலைப் பாக்கலாம்.” ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “இனிக் கீறுவன். கலைக்கக் காரணம் இருக்கு.”

“றொஷானி, நான்...”

“பொறு.”

போனை எடுத்துத் தாயின் இலக்கத்தை அழுத்தினாள். அந்தச் சின்ன வீட்டில் விக்ரோரியாவின் குரல் அவனுக்கும் கேட்டது.

“அம்மா, அப்பா என்னைக் கேட்டவராம். செவ்வாய்க்கிழமை. நீங்கள் பூசைக்குப் போயிருக்கேக்கை.”

மறுபக்கம் ஓவென்று அழுகை. மகள் வரவில்லை என்று அவர் மனமுடைந்து போனாரோ என்ற பயம் அந்த மனுசிக்கும் இருந்திருக்கிறது. “என்ரை ஆண்டவரே” என்றாள், பிறகு, “ஆர் பிள்ளை சொன்னது?”

றொஷானி தாரகனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். சொல்லு என்றுதான் ஆட்டினான். அது அவளுக்கு விளங்கியது.

“ஆஸ்பத்திரியிலை நிண்ட நேர்ஸ் ஒராள் எழுதியிருக்கிறா அம்மா. எனக்குப் போன் எடுக்கச் சொன்னவராம். எடுக்க முன்னம் நித்திரையாகிட்டாராம்.”

“பாவம், ஆரோ நல்ல பிள்ளை” என்றாள் விக்ரோரியா. “தாரகன் தம்பி அங்கை நிக்கிறாரோ? அவருக்குச் சாப்பாடு குடுத்தனியே? கடைசி மட்டும் அப்பாவை விட்டுப் போகாத பிள்ளை.”

“ஓம் அம்மா, குடுக்கிறன்.”

போனை வைத்தாள்.

“ஏன் மறைச்சனீ?” என்றான் தாரகன். “அன்ரிக்குச் சொல்லு. அவ என்னை ஏசட்டும். அவ ஏசினால் எனக்குக் கொஞ்சம்...”

“அதுதான் சொல்லேல்லை” என்றாள். “நீயும் சொல்லாதை. இனி அவ தாங்கமாட்டா.”

அவள் பென்சில் சீவத் தொடங்கினாள். தாரகன் எழும்பிக் காலில் சப்பாத்தைப் போட்டான். வாசல் வரைக்கும் அவள் வரவில்லை.

பக்கங்கள் மே மாதத்தில் பதிப்பகத்துக்கு நேரே போயின. தாரகனுக்குப் பிரதி வந்ததே ஒழியப் போன் வரவில்லை. அவன் எடுத்த போனுக்கும் பதில் இல்லை. விக்ரோரியாதான் மாதத்தில் இரண்டு தரம் கூப்பிடுவாள். தனியாக இருக்கிற மனுசி, வராவிட்டால் கவலைப்படுவாள் என்று அவனும் போவான். நண்டுக் கறி வைத்து, புட்டு அவித்து, அந்தோனிமுத்து இருந்து சாப்பிட்ட கதிரையில் அவனை இருத்துவாள். போதும் என்றாலும் கேட்காமல் இரண்டாம் தரமும் போடுவாள்.

“நீர் மட்டும் பக்கத்திலை இல்லாட்டி அந்த மனுசன் என்ன பாடுபட்டிருக்கும் தம்பி” என்பாள்.

தாரகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.